எலக்ட்ரிக் எஸ்யூவியா, எஸ்டேட்டா? அத்தான் கேட்ட கேள்வி

குடும்பத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும். பிரின்டர் ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்காவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். எனக்கு வந்த அழைப்பு கொஞ்சம் பெரியது.

"மாப்ளே, கம்பெனியில கார் குடுக்காங்க. மூணு வண்டி சொல்லியிருக்காங்க. எதை எடுக்கட்டும்? நீ கம்ப்யூட்டர்காரன்லா, பாத்துச் சொல்லு" என்றார் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் மெக்கானிக்கல் இன்ஜினியர். நான் அங்கிருந்து ஒன்றேகால் மணி நேர ரயில் தூரத்தில், மியூனிக்கில் சாஃப்ட்வேர் எழுதிக் கொண்டிருக்கிறேன். பிஸ்டன், கியர் என்று படித்த ஒரு மனிதர், கார் எடுக்க சாஃப்ட்வேர்காரனிடம் யோசனை கேட்கிறார். கார் பத்திரிகையில் வர வேண்டிய விஷயத்தை இங்கே எழுதுவதற்கு அதுதான் காரணம். இன்றைய விலை உயர்ந்த கார் என்பது நான்கு சக்கரம் வைத்த கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் கேட்கிற கேள்விகளை ஏனோ கார் ஷோரூமில் யாரும் கேட்பதில்லை.

ஜெர்மனியில் பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு கார் கொடுக்கும். பெரும்பாலும் மூன்று வருட லீஸ். சொந்த வேலைக்கும் ஓட்டிக் கொள்ளலாம். அத்தானுக்குச் சொன்ன மூன்றில் முதலாவது, ஒரு சொகுசு எலக்ட்ரிக் எஸ்யூவி. இரண்டாவது, உயர்தர டீசல் எஸ்டேட் கார். மூன்றாவது என்ன என்று கேட்டதற்கு, "அது கெடக்கு, சும்மா பட்டியல்ல போட்டிருக்கான்" என்று தள்ளிவிட்டார். அது எலக்ட்ரிக் எஸ்டேட்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எலக்ட்ரிக் எஸ்யூவியா, எஸ்டேட்டா?" என்பது ஒரு கேள்வியே இல்லை. இரண்டு கேள்விகளை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி எதில் ஓட வேண்டும் என்பது ஒன்று. வண்டி என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால், அத்தான் தள்ளிவிட்ட அந்த மூன்றாவது வண்டிதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஆனால் அதற்கு முன் மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல

எஸ்டேட் என்றதும் வால்பாறை நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறு இல்லை. சாதாரண செடான் காருக்குப் பின்னால் டிக்கி தனியாக நீட்டிக் கொண்டிருக்கும் அல்லவா? காரின் கூரையை அப்படியே பின்பக்கம் வரை இழுத்து, டிக்கியையும் உள்ளே சேர்த்துவிட்டால் அது எஸ்டேட். அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்பார்கள். ஜெர்மனியில் கோம்பி. உயரம் செடான் அளவுதான். இடம் மட்டும் வேன் போல.

இந்தியாவில் இது எடுபடவே இல்லை. 1992-ல் டாடா நிறுவனம் எஸ்டேட் என்ற பெயரிலேயே ஒரு காரை விட்டுப் பார்த்தது. 2017-ல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி வந்தது. சாலையில் இவற்றில் ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் கதை வேறு. குடும்பம், நாய், சைக்கிள், கட்டில் பலகை எல்லாவற்றையும் ஏற்றிக் கொண்டு போக ஒரு தலைமுறையே எஸ்டேட்டில்தான் வளர்ந்தது. வால்வோ 1953-லேயே டூயட் என்ற எஸ்டேட்டை விற்கத் தொடங்கியது. இப்போது அங்கும் எஸ்யூவி வந்து அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறது.

வரிக் கணக்கு

அத்தான் எஸ்யூவி பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம் வடிவமும் இல்லை, சுற்றுச்சூழலும் இல்லை. வரி.

கம்பெனி காரைச் சொந்தமாகவும் ஓட்டினால், அது உங்களுக்குக் கிடைக்கும் வருமானமாகக் கருதப்படும். டீசல், பெட்ரோல் கார் என்றால் காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதம் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்பட்டு வரி போடப்படும். எலக்ட்ரிக் கார் என்றால் 0.25 சதவீதம்தான். இந்தச் சலுகைக்கு ஒரு விலை வரம்பு உண்டு. 2020-ல் 60,000 யூரோ, 2024-ல் 70,000 யூரோ என்று இருந்தது. 2025 ஜூலையிலிருந்து வாங்கும் கார்களுக்கு அதை 1,00,000 யூரோ ஆக்கிவிட்டார்கள்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம். டீசல் எஸ்டேட் 68,000 யூரோ. எலக்ட்ரிக் எஸ்யூவி 95,000 யூரோ. எலக்ட்ரிக் எஸ்டேட் 75,000 யூரோ. வருமானத்தோடு மாதாமாதம் சேரும் தொகை முறையே 680, 237.50, 187.50. இதற்கு 42 சதவீதம் வரி என்றால் கையை விட்டுப் போவது சுமார் 285, 100, 79 யூரோ. (வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ள தூரத்துக்கு இன்னொரு சிறு கணக்கு உண்டு. அதை விட்டுவிட்டேன்.)

அத்தான் எக்செல்லில் இதைப் போட்டுக் காட்டி, "பாத்தியா, 27,000 யூரோ அதிக விலை வண்டிக்கு 185 யூரோ கம்மி வரி" என்று சிரித்தார். கணக்கு சரிதான். ஆனால் அவர் ஷீட்டில் இரண்டு வரிசைதான் இருந்தது. மூன்றாவது வரிசையை நான்தான் சேர்த்தேன். சேர்த்த பிறகு பாருங்கள்: டீசலை விட்டு எலக்ட்ரிக்குக்கு மாறுவதில்தான் லாபம் முழுவதும் இருக்கிறது. எலக்ட்ரிக்கில் எஸ்யூவியை எடுப்பதற்கும் எஸ்டேட்டை எடுப்பதற்கும் மாதம் 21 யூரோ வித்தியாசம். 20,000 யூரோ விலை வித்தியாசத்தை இந்தச் சலுகை 21 யூரோவாகச் சுருக்கிவிடுகிறது. புகை இல்லாத வண்டிக்கு என்று அரசு கொடுத்த சலுகை, பெரிய வண்டியை மலிவாகக் காட்டுகிறது. என் பார்வையில் இது சட்டத்தில் உள்ள பக். வரம்பை உயர்த்தியதால் அந்த பக் பெரிதாகியிருக்கிறது.

காற்றைத் தள்ளும் செலவு

இனி வடிவம். எலக்ட்ரிக் காரில் வடிவம் ஏன் டீசல் காரைவிட முக்கியம்? டீசல் டேங்க்கை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். வீணாகப் போவது பெரிதாகத் தெரியாது. பேட்டரியில் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

வேகமாகப் போகும் காருக்குப் பெரிய எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100 கி.மீ. வேகத்திலிருந்து 130-க்குப் போனால், ஒரு கி.மீ. தூரத்துக்குக் காற்றைத் தள்ள ஆகும் சக்தி 1.69 மடங்கு. விளம்பரங்களில் காற்றெதிர்ப்பு எண் என்று ஒன்றைப் பெருமையாகப் போடுவார்கள். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எஸ்யூவிக்கு அது 0.25. உண்மையிலேயே நல்ல எண். ஆனால் அது பாதிக் கணக்கு. அந்த எண்ணை வண்டியின் முன்பக்கப் பரப்பால் பெருக்க வேண்டும். அந்தப் பரப்பளவை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. உயரமான வண்டி, பெரிய கதவைத் தள்ளிக் கொண்டு ஓடுவது போலத்தான்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளை எடுத்தால் ஒப்பிடுவது எளிது. 2021-ல் வந்த ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50 எஸ்யூவியின் உயரம் சுமார் 1.70 மீட்டர், எடை இரண்டரை டன். பயன்படுத்தக் கூடிய பேட்டரி 105 யூனிட். ஒரு சார்ஜில் அதிகபட்சம் 630 கி.மீ. என்று சொன்னார்கள். 2024-ல் வந்த ஐ5 டூரிங் ஈடிரைவ்40 எஸ்டேட்டின் உயரம் சுமார் 1.52 மீட்டர்; எடை இரண்டேகால் டன்; பேட்டரி 81 யூனிட்; அதிகபட்சம் 560 கி.மீ. வகுத்துப் பாருங்கள். எஸ்யூவி ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. எஸ்டேட் ஏறக்குறைய 6.9 கி.மீ. எஸ்யூவியில் இரண்டு மோட்டார், நான்கு சக்கர இழுவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வித்தியாசம் முழுவதும் வடிவத்தால் வந்ததல்ல. ஆனாலும் 24 யூனிட் கூடுதல் பேட்டரியைச் சுமந்து அது தரும் லாபம் 70 கி.மீ.தான்.

105 யூனிட் என்றால் எவ்வளவு? நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். 2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள் அல்லவா? அந்த இரண்டு மாத இலவச மின்சாரம் இந்த எஸ்யூவியை ஒரு தடவை முழுசாக நிரப்பப் போதாது.

அத்தான் குடும்பம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகும். 2002-ல் கட்டிய பெரிய கோயில். ஈழத் தமிழர்கள் நடத்துவது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். நியூரம்பெர்க்கிலிருந்து சுமார் 400 கி.மீ. "எஸ்யூவின்னா நிக்காம போயிரலாம்லா?" என்றார் அத்தான். ஆட்டோபானில் 130-ல், குளிரில் ஹீட்டரையும் போட்டுக் கொண்டு போனால் நிறுவனம் சொன்ன தூரம் எந்த வண்டியிலும் வராது. நான் போட்ட கணக்கில் இரண்டு வண்டியுமே வழியில் ஒரு முறை நின்றாக வேண்டும். நின்றால் அரை மணி நேரம். அக்கா உள்ளே இருந்து, "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. பிள்ளைகளை வச்சுக்கிட்டு நானூறு கிலோமீட்டர் நிக்காம யாரு போவா?" என்றாள். அந்த விவாதம் அத்தோடு முடிந்தது.

பத்து வினாடியும் முப்பது வினாடியும்

இப்போது நம் துறைக்கு வருவோம். 2022-ல் ஸ்வீடனில் வீ பில்யேகாரே என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. பழைய விமான ஓடுதளம். 110 கி.மீ. வேகம். ஓட்டுநர் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். சீட் ஹீட்டரைப் போட்டு, உள் வெப்பத்தைக் கூட்டி, கண்ணாடிப் பனியை நீக்கும் வசதியைப் போடுவது. ரேடியோவில் குறிப்பிட்ட நிலையத்தை வைப்பது. பயணத் தூர மீட்டரைப் பூஜ்யமாக்குவது. டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைத்து நடு ஸ்கிரீனை அணைப்பது. பெரிய டச் ஸ்கிரீன் வைத்த புதிய கார்களோடு, பட்டன் வைத்த ஒரு பழைய காரையும் நிறுத்தினார்கள். 2005-ம் வருட வால்வோ வி70. எஸ்டேட்.

பதினேழு வயதான அந்த எஸ்டேட்டில் நான்கு வேலையும் 10 வினாடியில் முடிந்தது. அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீட்டர். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எஸ்யூவியில் 30 வினாடிக்கு மேல் ஆனது. தூரம் 928 மீட்டர். எம்ஜி மார்வெல் ஆர் என்ற எலக்ட்ரிக் எஸ்யூவி எல்லாவற்றுக்கும் கடைசி. ஏறக்குறைய 45 வினாடி, 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலையை விட்டுக் கண்ணை எடுத்து எடுத்து மெனுவைத் தேடிக் கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிப்பவர்களுக்கு இது உடனே புரியும். விரல் பட்டனின் இடத்தை நினைவில் வைத்துக் கொள்ளும். தட்டையான கண்ணாடிக்கு அப்படி ஒரு நினைவு கிடையாது. கண் வந்துதான் ஆக வேண்டும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பும் இதைக் கவனித்தது. இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ லிவரோ இருப்பதைப் புள்ளிக் கணக்கில் சேர்க்கும் விதிகள் 2026-லிருந்து என்று முன்பே அறிவித்தது.

இதைப் படித்ததும் எஸ்டேட் வென்றது என்று நான் குதித்தேன். அத்தான் பொறுமையாக டீசல் எஸ்டேட்டின் படத்தைக் காட்டினார். எஸ்யூவியில் இருக்கும் அதே போன்ற வளைந்த பெரிய ஸ்கிரீன் அதிலும் இருந்தது. 2005 வால்வோ இன்று ஷோரூமில் கிடைக்காது. எஸ்டேட் எடுத்தால் கம்ப்யூட்டரிடமிருந்து தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். டீசல் போட்டாலும் அதே சாஃப்ட்வேர்தான், அதே அப்டேட்தான்.

இரண்டாவது பேஸ்மென்ட்

2025 டிசம்பரில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். ஓட்டிப் பார்க்கலாமே என்று ஒரு வாரக் கடைசிக்கு ஒரு சொகுசு எலக்ட்ரிக் எஸ்யூவியை வாடகைக்கு எடுத்தோம். எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை. யாருடையதிலும் நடக்கக் கூடியதுதான். ஓட்ட அருமையான வண்டி. சத்தமே இல்லை. கடைக்குப் போய்விட்டு, பூமிக்கு அடியில் இரண்டாவது தளத்தில் நிறுத்தியிருந்த வண்டிக்குத் திரும்பினோம். கதவு திறக்கவில்லை.

சாவி என்பது போனில் உள்ள ஆப். வண்டியோடு கொடுத்த கார்டை, "அதான் போன் இருக்கே" என்று அத்தான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆப் மறுபடி லாகின் செய்யச் சொன்னது. லாகின் செய்ய நெட் வேண்டும். இரண்டாவது பேஸ்மென்ட்டில் சிக்னல் ஏது? அத்தான் மேலே ஓடிப் போய் லாகின் செய்தார். இறங்கி வருவதற்குள் ஸ்கிரீனில் வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. மறுபடி மேலே. அம்மா சுவெட்டருக்கு மேல் ஷாலைப் போர்த்திக் கொண்டு, மூட்டு வலிக்காரர், தூணில் சாய்ந்து நின்றார்கள். பை நிறைய உருகிக் கொண்டிருக்கும் மீன். நாற்பது நிமிடம்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு முறை லாகின் செய்தால் அது எத்தனை நாள் செல்லும் என்று சாஃப்ட்வேரில் ஒரு எண் வைப்போம். பாதுகாப்பு கருதி அந்த எண்ணை யாரோ ஒருவர் சிறிதாக வைத்திருப்பார். நெட் இல்லாத இடத்தில் அது காலாவதியானால் என்ன ஆகும் என்ற கேள்வியை மீட்டிங்கில் இன்னொருவர் எழுப்பியிருப்பார். "அடுத்த வெர்ஷனில் பார்த்துக் கொள்ளலாம்" என்று முடிவாகியிருக்கும். அந்த மீட்டிங்கில் நானே பல தடவை உட்கார்ந்திருக்கிறேன், வேறு சாஃப்ட்வேருக்காக.

எத்தனை வருஷம்?

நான் முன்பு சொன்ன மூன்றாவது கேள்வி இதுதான். இந்த வண்டியின் சாஃப்ட்வேருக்கு எத்தனை வருஷம் பொறுப்பேற்பீர்கள்?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான சப்போர்ட் நின்றது. நம் வாசகர்களுக்கு இது பல மாதம் முன்பே தெரியும். தேதியை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. காருக்கு அப்படி ஒரு தேதியைத் தேடிப் பாருங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்று தெளிவாக உத்தரவாதம் தருகின்றன. சாஃப்ட்வேர் என்று வந்தால் பேச்சு வழுக்கும். ஜெர்மன் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயதோ பத்து வருடத்துக்கு மேல்.

ஜெர்மனியில் 2021-ல் 3ஜி நெட்வொர்க்கை மூடினார்கள். 3ஜியை நம்பியிருந்த சில கார்களின் ஆன்லைன் வசதிகள் அத்தோடு பாதிக்கப்பட்டன. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஃபிஸ்கர் என்ற அமெரிக்க நிறுவனம் ஓஷன் என்ற எலக்ட்ரிக் எஸ்யூவியை விற்றது. 2024 ஜூனில் திவாலானது. வாங்கியவர்கள் சங்கம் அமைத்துக் கொண்டு, சாஃப்ட்வேரை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று தாங்களே வழி தேட வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனங்களுக்கும் சாஃப்ட்வேர் எளிதாக வரவில்லை. வோக்ஸ்வேகன் குழுமத்தின் எலக்ட்ரிக் போர்ஷே மக்கானும் ஆடி க்யூ6 இ-ட்ரானும் சாஃப்ட்வேர் தாமதத்தால்தான் 2024 வரை தள்ளிப் போயின. வால்வோ இஎக்ஸ்90-க்கும் அதே கதை.

சந்தா விஷயம் தனி. 2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட் ஹீட்டருக்கு மாதச் சந்தா என்று வைத்தது. ஹீட்டர் சீட்டுக்குள்ளேயே இருக்கும். பணம் கட்டினால்தான் சூடாகும். எதிர்ப்பு வந்ததும் 2023-ல் அதைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். மெர்சிடிஸ் 2021-ல் ஜெர்மனியில் ஈக்யூஎஸ் காரின் பின்சக்கரங்கள் கூடுதலாகத் திரும்ப ஆண்டுக் கட்டணம் கேட்டது. ட்ரையல் வெர்ஷன், ஃபுல் வெர்ஷன் எல்லாம் நாம் சி.டி. காலத்திலேயே பார்த்தவைதான். ஆனால் அப்போது ஹார்டுவேர் முழுசாக நம்முடையதாக இருந்தது.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரின் சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா. விதி 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. அதற்கு ஒத்துவராததால் நன்றாக விற்றுக் கொண்டிருந்த பெட்ரோல் மக்கானையே போர்ஷே அங்கே நிறுத்தியது. இந்த விதிகள் நல்லவை. ஆனால் உங்கள் வண்டிக்கு எந்தத் தேதி வரை அப்டேட் வரும் என்று ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லும் விதிதான் எனக்கு வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கேட்கிறோம், போனுக்குக் கேட்கிறோம். ஒரு வீட்டின் விலையில் பாதி கொடுத்து வாங்கும் பொருளுக்குக் கேட்கக் கூடாதா?

முழங்காலும் முதுகும்

எஸ்யூவிக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் முழங்கால்.

வாடகை எஸ்யூவியில் அம்மா சும்மா உட்கார்ந்து நகர்ந்து ஏறிவிட்டார்கள். சீட் இடுப்பு உயரத்தில் இருந்தது. அடுத்த வாரம் நண்பர் ஒருவரின் எஸ்டேட்டில் ஏறியபோது, கதவுச் சட்டத்தைப் பிடித்துக் கொண்டு, "யம்மாடி" என்று கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கினார்கள். வெளியே வர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. எஸ்யூவி வாங்குகிறவர்கள் எல்லாரும் பந்தாவுக்கு வாங்குகிறார்கள் என்று நான் பேசித் திரிந்தது தவறு. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு அந்த உயரம் ஒரு மருத்துவ வசதி.

அத்தானின் முதுகு வேறு சொல்கிறது. 20 கிலோ அரிசி மூட்டையை எஸ்யூவியின் உயரமான டிக்கியில் தூக்கி வைப்பதற்குள் மனிதர் "ஐயோ" என்றார். எஸ்டேட்டின் டிக்கி விளிம்பு தாழ்வு. மூட்டையைச் சாய்த்துத் தள்ளினால் போதும். இடத்திலும் எஸ்யூவி பெரிது என்பது கண்ணின் மயக்கம். நான் மேலே சொன்ன இரண்டு வண்டிகளில் ஐஎக்ஸின் டிக்கி 500 லிட்டர். ஐ5 டூரிங்கின் டிக்கி 570. பின் சீட்டை மடக்கினால் 1,750-க்கு 1,700. பிள்ளை வண்டியும் நான்கு சூட்கேஸும் வைக்க நீளம்தான் உதவும், உயரம் அல்ல.

அம்மா வருஷத்துக்கு மூன்று மாதம் இங்கே இருப்பார்கள். அரிசி மூட்டை மாதா மாதம் வரும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது என்பதை எக்செல்லில் தீர்க்க முடியவில்லை. கடைசியில் மெக்கானிக்கல் இன்ஜினியர்தான் வழி கண்டுபிடித்தார். ஷோரூமுக்கு இன்ச் டேப் எடுத்துக் கொண்டு வந்து, எலக்ட்ரிக் எஸ்டேட்டின் முன் சீட்டை மோட்டாரில் முழுசாக மேலே ஏற்றி அளந்தார். நண்பரின் காரைவிட ஒரு கை அகலம் உயர்ந்தது. "அத்தை, இப்ப ஏறிப் பாருங்க" என்றார். அம்மா ஏறினார்கள். கதவுச் சட்டத்தைப் பிடிக்கத்தான் செய்தார்கள்; ஆனால் இறங்கும்போது ஒரு கை போதுமாக இருந்தது.

"பரவாயில்ல மாப்பிள்ள" என்றவர்கள், வெளியே நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "ஏல, இது ஆம்புலன்சு மாதிரிலா இருக்கு" என்றார்கள்.

விற்பனையாளரிடம் நான் மூன்று கேள்வி கேட்டேன். நெட் இல்லாத இடத்தில் போன் சாவி வேலை செய்யாவிட்டால் எப்படித் திறப்பது? உடனே சொன்னார், கார்டையும், அதற்குள் இருக்கும் சாதாரணச் சாவியையும் எடுத்துக் காட்டினார். மூன்று வருடத்தில் எந்தெந்த வசதிகளுக்குத் தனிக் கட்டணம் தொடங்கும்? ஒரு பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார், ஒன்றரைப் பக்கம். எந்தத் தேதி வரை சாஃப்ட்வேர் அப்டேட் உறுதி? பேனாவை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்துக் காபியோடு வந்து, விசாரித்து இமெயில் அனுப்புகிறேன் என்றார்.

வரித்துறை பார்க்கும் கணக்கில் மாதம் 79 யூரோ வருகிற அந்த வண்டிக்கு அத்தான் ஆர்டர் போட்டுவிட்டார். அடித்தளத்தில் சார்ஜர் வைக்க வீட்டுக்காரர் கடிதம் கொடுத்துவிட்டார். 11 கிலோவாட் சார்ஜரில் ராத்திரி போட்டால் காலையில் நிரம்பிவிடும். வண்டி வர நான்கு மாதம் ஆகுமாம். இமெயில் இன்னும் வரவில்லை.